பட்டறைக்கு ஏர் லைன் போடுவது எப்படி: கம்ப்ரசர் டேங்கில் இருந்து கன் வரை

ஏர் லைன் போடப் போகிறவர்கள் முதலில் கேட்பது, பைப் எத்தனை இன்ச் போடலாம் என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: லைனுக்குள் சேரும் தண்ணீர் எந்த வழியாகக் கீழே இறங்கி வெளியே போகும்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பைப் எங்கே ஏற வேண்டும், எங்கே சரிய வேண்டும், டீயின் (மூன்று வாய் உள்ள ஆங்கில டி வடிவ ஜாயிண்ட்) வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் தானாக முடிவாகிவிடும். பிரஷர் குறைவதைவிட லைனில் தண்ணீர் வருவதால்தான் பட்டறைகளில் டூலும் பெயின்ட்டும் அதிகம் கெடுகின்றன.

எல்லா அளவுகளையும் ஒரே இடத்தை வைத்துச் சொல்வது எளிது. 40 அடி நீளம், 24 அடி அகலத்தில் ஒரு ஷெட். கார் சர்வீஸ், டிங்கரிங், பெயின்டிங் மூன்றும் நடக்கிறது. 5 எச்பி, இரண்டு ஸ்டேஜ் பிஸ்டன் கம்ப்ரசர். 220 லிட்டர் டேங்க். 10 கிலோ பிரஷரில் (சதுர செ.மீ.க்கு 10 கிலோ) கட்-அவுட், அதாவது மோட்டார் தானாக நிற்கும். காற்று வேண்டிய இடம் 5. உங்கள் ஷெட் பெரிதோ சிறிதோ, முறை இதுதான். நீளத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

காற்றுக் கணக்கு

கம்ப்ரசர் பிளேட்டில் போட்டிருக்கும் சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) பெரும்பாலும் பிஸ்டன் டிஸ்பிளேஸ்மென்ட், அதாவது பிஸ்டன் நகரும் இடத்தின் கணக்கு. உண்மையில் வெளியே வரும் காற்று (எஃப்ஏடி) அதைவிடக் குறைவு. 5 எச்பி மெஷினுக்குச் சுமார் 15 சிஎஃப்எம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் பட்டி தேய்க்கும் டிஏ சாண்டர் ஒன்றே 8 முதல் 12 சிஎஃப்எம் வரை தொடர்ந்து குடிக்கும். எச்விஎல்பி (குறைந்த பிரஷரில் அதிகக் காற்று எடுக்கும்) ஸ்பிரே கன் 8 முதல் 14 வரை. நட்டு கழற்றும் அரை இன்ச் இம்பாக்ட் கன் விட்டு விட்டு ஓடுவதால் சராசரியாக 4, 5 சிஎஃப்எம்மில் அடங்கிவிடும். ஆக, ஒரு பக்கம் சாண்டரும் மறுபக்கம் பெயின்ட்டும் ஒரே நேரத்தில் ஓட்ட இந்த மெஷினால் முடியாது. அதற்கு இரண்டு இன்ச் பைப் போட்டாலும் முடியாது. பைப் காற்றை உண்டாக்காது.

இனி தண்ணீர்க் கணக்கு. வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். சென்னை போன்ற கடலோர ஊரில் இது சாதாரணம். அந்தக் காற்றை 7 கிலோவுக்கு அமுக்கி மறுபடி 30 டிகிரிக்குக் குளிரவைத்தால் அதில் 4 கிராம் அளவுக்குத்தான் ஆவியாக நிற்க முடியும். மிச்சம் 20 கிராம் தண்ணீராகிவிடும். 15 சிஎஃப்எம் என்பது மணிக்கு 25 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கம்ப்ரசர் ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் அரை லிட்டர் தண்ணீர் சேரும் என்று அர்த்தம்.

இந்த அரை லிட்டரும் டேங்க்கிலேயே விழுந்துவிட்டால் கவலையில்லை. ஆனால் வேலை மும்முரத்தில் டேங்க் சூடாக இருக்கும். காற்று ஆவியைச் சுமந்தபடியே லைனுக்குள் போய்விடும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் நீர் கோர்ப்பது போல, பைப் குளிர்ந்த இடத்தில் உட்புறச் சுவரில் ஆவி நீராகப் படியும். எனவே பைப்புக்கு இங்கே இரண்டு வேலை. காற்றைக் கொண்டு போக வேண்டும், போகிற வழியில் குளிரவைத்துத் தண்ணீரைப் பிரிக்கவும் வேண்டும். கம்ப்ரசரை ஒட்டியே ஃபில்டர் மாட்டிவிட்டு, தண்ணீர் நிற்கவில்லையே என்று குறைபடுவது இதனால்தான். வாட்டர் செபரேட்டர் துளியாக இருக்கும் தண்ணீரைத்தான் பிடிக்கும். ஆவியாக இருப்பது அதன் வழியாகத் தாராளமாகப் போய்விடும். குறைந்தது 25 அடி உலோகப் பைப்பில் காற்று பயணம் செய்த பிறகுதான் முதல் செபரேட்டர் வர வேண்டும்.

எந்தப் பைப்

முதலில், கூடாதது: பிவிசி, யுபிவிசி, சிபிவிசி. பிளம்பர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் வேண்டாம். பைப்பில் அச்சடித்திருக்கும் பிரஷர் தண்ணீருக்கானது, அதுவும் சாதாரண வெப்பநிலையில். தண்ணீர் அமுங்காது, அதனால் தண்ணீர் பைப் வெடித்தால் பீய்ச்சி அடித்து நின்றுவிடும். அமுங்கிய காற்று விரிந்துகொண்டே தள்ளும். பைப் சில்லு சில்லாகச் சிதறி ஷெட் முழுக்கப் பறக்கும். தகர ஷெட்டின் வெயில் சூடும் கம்ப்ரசர் ஆயில் படிவதும் வருஷக்கணக்கில் அதைப் பலவீனமாக்கும். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1988-லேயே இதற்கு எச்சரிக்கை வெளியிட்டது. "அஞ்சு வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகல" என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. பிவிசி உடைவதற்கு முன் அறிகுறி எதையும் காட்டாது.

பிபிஆர் என்ற பிளாஸ்டிக் பைப்பைச் சிலர் போடுகிறார்கள். காற்றுக்கு இத்தனை டிகிரியில் இத்தனை கிலோ தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுத்தில் கொடுத்தால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் கம்ப்ரசர் பக்கத்து முதல் 25 அடி உலோகமாகவே இருக்கட்டும். பிளாஸ்டிக் சூட்டை வெளியே விடாது, ஆகவே தண்ணீரும் பிரியாது.

பவுடர் கோட்டிங் செய்த நீல நிற அலுமினிய பைப், புஷ்-ஃபிட் ஜாயிண்ட்டுடன் வருகிறது. துருப் பிடிக்காது, திரெட் வெட்ட வேண்டாம், இடம் மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம். வாடகை ஷெட்டுக்கு இதுதான் புத்திசாலித்தனம். விலை மட்டும் கடிக்கும்.

நம் ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலும் ஜிஐதான், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப். ஐஎஸ் 1239 முத்திரையுள்ள பி கிளாஸ், அதாவது நீலப் பட்டை போட்டது வாங்குங்கள். மஞ்சள் பட்டை ஏ கிளாஸ். திரெட் வெட்டிய பிறகு அதில் மிஞ்சும் சதை குறைவு. சிவப்புப் பட்டை சி கிளாஸ் இந்த வேலைக்கு அவசியமில்லை. ஜிஐயிலும் நாளாவட்டத்தில் உள்ளே துருவும் துத்தநாகப் பொருக்கும் வரும். கடைசி ஃபில்டர் அதற்காகத்தான்.

அளவு: மெயின் லைன் 1 இன்ச், இறக்கம் (மெயினில் இருந்து காற்று எடுக்கும் இடத்துக்குக் கீழே வரும் பைப்) முக்கால் இன்ச். 15 சிஎஃப்எம் காற்று 7 கிலோவில் அரை இன்ச் பைப்பில் போனாலே வேகம் வினாடிக்கு நாலரை மீட்டருக்குள்தான். கணக்குப்படி அரை இன்ச் போதும். ஆனாலும் 1 இன்ச் போடச் சொல்லக் காரணம் உண்டு. காற்று மெதுவாகப் போனால்தான் துளிகள் அடித்துச் செல்லப்படாமல் பைப்பின் அடியில் தங்கிச் சரிவில் இறங்கும். பைப்பின் பரப்பு கூடக்கூடக் குளிர்ச்சியும் கூடும். நாளை 10 எச்பி வாங்கினால் லைனைப் பிரிக்க வேண்டியதில்லை.

வரைபடம்

கம்ப்ரசர் 40 அடி நீளச் சுவரின் நடுவில், வெளிப்புறம் சின்ன கூரையின் கீழ் நிற்கிறது. ஃபிளைவீல் பக்கம் சுவரில் இருந்து ஒன்றரை, இரண்டு அடி தள்ளி இருக்க வேண்டும். ஃபிளைவீல்தான் சிலிண்டருக்குக் காற்று வீசும் ஃபேன். சுவரோடு ஒட்டினால் ஹெட் சூடேறும், சூடேறினால் தண்ணீரும் ஆயிலும் லைனுக்குள் கூடும். காற்று இழுக்கும் ஃபில்டர் பெயின்ட் பூத் எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்கக் கூடாது.

ஷெட்டின் நாலு சுவரையும் சுற்றி ஒரு ரிங். கம்ப்ரசரில் இருந்து ஏறும் பைப் நீளச் சுவரின் நடுவில் ரிங்கில் சேரும். அங்கிருந்து இரண்டு கையாகப் பிரிந்து, எதிர்ச் சுவரின் நடுவில் இரண்டும் சந்திக்கும். ஒவ்வொரு கையும் 64 அடி. எந்த இறக்கத்தில் காற்று எடுத்தாலும் இரண்டு பக்கமிருந்தும் வரும்.

சரிவு 100-க்கு 1. இந்த ஷெட்டுக்குச் சுவரில் போட வேண்டிய குறிகள்: பைப் ஏறிச் சேரும் இடத்தில் 9 அடி 8 இன்ச், முதல் மூலையில் 9 அடி ஐந்தரை இன்ச், அடுத்த மூலையில் 9 அடி இரண்டரை இன்ச், எதிர்ச் சுவர் நடுவில் 9 அடி. மொத்தம் 8 இன்ச் சரிவு, இரண்டு கைக்கும் ஒரே மாதிரி. தரையை நம்பி டேப் பிடிக்காதீர்கள், பட்டறைத் தரை எதுவும் மட்டமாக இருக்காது. கொத்தனார் வைத்திருக்கும் லெவல் டியூபில் ஒரு மட்டக் கோடு எடுத்து, அதில் இருந்து அளந்து இறக்கி, நூல் கட்டுங்கள்.

24 அடிச் சுவரில் ரோலிங் ஷட்டர் இருந்தால் அதன் பெட்டிக்கு மேலே பைப் போக இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ரிங்கை மூட வேண்டாம்; ஷட்டருக்கு இரு பக்கமும் லைனை நிறுத்தி, ஒவ்வொரு முனையிலும் ஒரு டிரெயின் விடுங்கள். ஷட்டருக்காக நடுவில் பைப்பைக் கீழே வளைத்து மேலே ஏற்றுவது மட்டும் கூடாது. அந்தப் பள்ளம் தண்ணீர்த் தொட்டியாகிவிடும்.

வாங்க வேண்டியவை

1 இன்ச் ஜிஐ பி கிளாஸ், 20 அடி நீளம் – 9 (ரிங்குக்கு 128 அடி, ஏற்றத்துக்கு 25 அடி, மிச்சம் சேதாரம்)
முக்கால் இன்ச் ஜிஐ, 20 அடி – 3
1 இன்ச் எல்போ – 7. 1 இன்ச் டீ – 3
1 இன்ச் × முக்கால் ரெட்யூசிங் டீ – 6
1 இன்ச் யூனியன் (பைப்பைச் சுற்றாமலே பிரித்து மாட்டும் ஜாயிண்ட்) – 5. சாக்கெட் – 8
முக்கால் இன்ச் எல்போ – 10. முக்கால் × அரை டீ – 5
ரெட்யூசர்: முக்கால் × அரை 6, 1 × அரை 2
பால் வால்வு: 1 இன்ச் 3, அரை இன்ச் 13
கிளாம்ப் – 40 (மெயின் லைனில் 6 அடிக்கு ஒன்று, இறக்கத்துக்கு இரண்டு)
எஸ்எஸ் பின்னல் போட்ட ஃபிளெக்சிபிள் ஹோஸ், 1 இன்ச், ஒன்றரை அடி – 1
ஃபில்டர் ரெகுலேட்டர் (தண்ணீரையும் தூசியையும் பிடித்து, பிரஷரைக் குறைத்து வைக்கும்) – 5. அதில் இம்பாக்ட் கன் இறக்கத்துக்கு மட்டும் லூப்ரிகேட்டர் (காற்றில் ஆயில் கலக்கும்)
நிப்பிள்கள் (இரு முனையிலும் திரெட் உள்ள குட்டைப் பைப்) விதவிதமாக 30, திரெட் சீலன்ட், கட்டிங் ஆயில்

வால்வு, யூனியன் எல்லாம் 16 கிலோவுக்குக் குறையாமல் தாங்கும் என்று முத்திரை பார்த்து வாங்குங்கள். தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் லேசான பித்தளை வால்வு வேண்டாம். ஆறு மாதத்தில் ஸ்பிண்டில் வழியாகச் சீற ஆரம்பிக்கும்.

படி 1: டேங்க் வாய்

டேங்க் அவுட்லெட்டில் முதலில் 1 இன்ச் பால் வால்வு. அதற்கடுத்து ஃபிளெக்சிபிள் ஹோஸ். வரிசை மாறக் கூடாது. ஹோஸ் ஒருநாள் கிழியும். அன்றைக்கு டேங்க்கை மூட வால்வு அதற்கு முன்னால் இருந்தாக வேண்டும். ஹோஸ் இல்லாமல் ஜிஐ பைப்பை நேராக டேங்க்கில் இறுக்கினால் பிஸ்டன் கம்ப்ரசரின் அதிர்வு முழுக்க முதல் எல்போவில் இறங்கும், திரெட் அடியில் விரிசல் விடும்.

கம்ப்ரசர் ஹெட்டுக்கும் டேங்க்குக்கும் நடுவே உள்ள பைப்பில் கை வைக்காதீர்கள். அங்கே காற்றைத் திரும்பி வர விடாத நான்-ரிட்டர்ன் வால்வு தவிர வேறு வால்வு எதுவும் இருக்கக் கூடாது. மூடியிருக்கும்போது மோட்டார் ஓடினால் ஹெட்டோ பைப்போ வெடிக்கும். சேஃப்டி வால்வுக்கு அடியிலும் அப்படியே.

படி 2: என் வடிவ ஏற்றம்

ஹோஸின் மறுமுனை ஒரு 1 இன்ச் டீயின் பக்கவாட்டு வாயில் சேரும். டீ நிமிர்ந்து நிற்கிறது: மேல் வாயில் ஏறும் பைப், கீழ் வாயில் அரை அடி பைப், ரெட்யூசர், டிரெயின் வால்வு. ஏறும் பைப் 9 அடி போய், இரண்டு எல்போவில் திரும்பி, தரையில் இருந்து 2 அடி உயரம் வரை மறுபடி இறங்குகிறது. அங்கே இரண்டாவது டீ: கீழ் வாயில் டிரெயின், பக்கவாட்டு வாயில் ஒரு எல்போ, அதிலிருந்து மேலே ஏறி ரிங்கின் டீயில் சேர்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில என் எழுத்து மாதிரி இருக்கும்.

இந்த 25 அடிதான் லைனிலேயே முக்கியமான பகுதி. கீழே இறங்கும் காற்று டீயில் சட்டென்று திரும்பும்போது கனமான துளிகள் திரும்ப முடியாமல் நேராகக் கீழே விழுகின்றன. இந்தப் பைப்புகளுக்குச் சுவரோடு இரண்டு இன்ச் இடைவெளி விடுங்கள், பக்கத்தில் வெயில் படாமல் பாருங்கள். வேலை மும்முரத்தில் முதல் பைப்பைத் தொட்டால் சுடும், மூன்றாவது பைப் ஷெட் சூட்டில் இருக்கும். மூன்றாவதும் சுடுகிறது என்றால் இன்னொரு மடிப்பு தேவை.

படி 3: ரிங்

பைப்பை வெட்டியதும் உள் விளிம்பில் நிற்கும் பிசிறை ரீமர் போட்டு எடுங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். பிசிறு அரை மில்லி, ஒரு மில்லி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் தண்ணீர் அந்த இடத்தில் தேங்கும், பின்னால் உதிர்ந்து ரெகுலேட்டர் சீட்டில் போய் உட்காரும். திரெட் வெட்டிய ஆயிலையும் துருவலையும் துணி விட்டு இழுத்துத் துடைத்த பிறகே மாட்டுங்கள்.

சணலும் ஒயிட் லெட்டும் தண்ணீருக்கு நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் ஈரத்தில் சணல் ஊதி அடைத்துக்கொள்ளும். நாம் பாடுபட்டு உலரவைக்கும் காற்றில் அந்தச் சணல் சுருங்கிக் கசியும். லாக்டைட் 577 போன்ற திரெட் சீலன்ட் நல்லது. டெஃப்லான் டேப் போட்டால், திரெட் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றுங்கள். கடையில் கிடைக்கும் மெல்லிய டேப் 1 இன்ச்சுக்குப் பத்துப் பன்னிரண்டு சுற்று வேண்டும். முனையில் உள்ள முதல் திரெட்டை மட்டும் காலியாக விடுங்கள். அதன்மேல் சுற்றிய டேப் நூல் நூலாகக் கிழிந்து லைனுக்குள் போகும். ஒரு கப்ளரை (ஹோஸைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் ஜாயிண்ட்) பிரித்தால் உள்ளே வெள்ளையாகப் பந்து போலச் சுருண்டு கிடப்பது அதுதான்.

ஒவ்வொரு மூலைக்குப் பக்கத்திலும் ஒரு யூனியன், ஏற்றத்தில் ஒன்று. ரிங்கை மூடும் கடைசி ஜாயிண்ட் யூனியனாகத்தான் இருக்க முடியும். ரிங் பிரியும் டீக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பால் வால்வு. பின்னால் ஒரு கையில் வேலை வந்தால் அந்தப் பக்கத்தை மூடி, எதிர் முனையில் யூனியனைப் பிரித்து பிளக் போட்டுக்கொண்டு மறு கையை ஓட்டலாம்.

ரிங்கின் மிகத் தாழ்ந்த இடத்தில், எதிர்ச் சுவர் நடுவில், ரெட்யூசிங் டீ கீழ்நோக்கிப் பார்க்கும். அதிலிருந்து முக்கால் இன்ச் பைப் தரைக்கு ஒரு அடி மேல் வரை இறங்கி டிரெயின் வால்வில் முடியும். இதில் கப்ளர் எதுவும் மாட்ட வேண்டாம். இது தண்ணீருக்கு மட்டும்.

படி 4: இறக்கங்கள்

ஐந்து இறக்கத்துக்கும் டீயின் வாய் மேல்நோக்கிப் பார்க்க வேண்டும். அடியில் ஓடும் தண்ணீர் அப்போதுதான் இறக்கத்துக்குள் விழாது. டீயில் ஒரு சின்ன நிப்பிள், எல்போ, நிப்பிள், மறுபடி எல்போ; அங்கிருந்து கீழே. வாத்துக் கழுத்து என்று ஃபிட்டர்கள் சொல்வது இதைத்தான். நிப்பிள் மிச்சம் என்று டீயைக் கீழே பார்க்க வைத்த லைன்களில்தான் மழைக்காலத்தில் கன்னில் தண்ணீர் துப்புகிறது.

தரையில் இருந்து 4 அடியில் முக்கால் × அரை டீ. அதன் பக்கவாட்டு வாயில் அரை இன்ச் பால் வால்வு, ஃபில்டர் ரெகுலேட்டர், கப்ளர். டீக்குக் கீழே பைப் நிற்காமல் இன்னும் தொடர்ந்து, தரைக்கு ஒரு அடி மேலே டிரெயின் வால்வில் முடியும். அடியில் ஒரு பழைய பாட்டில் வைக்கும் அளவுக்கு இடம் இருந்தால் போதும். அவுட்லெட்டில் காற்று பக்கவாட்டில் திரும்பும். துளிகள் நேராகக் கீழே போகும்.

ஃபில்டர் ரெகுலேட்டர் மாட்டுவதற்கு முன்னால் லைன் முழுக்க ஒரு முறை ஊதி விடுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, எல்லா டிரெயினையும் ஒவ்வொன்றாக 3 கிலோ பிரஷரில் திறந்து, துருவலும் ஆயிலும் வருவது நிற்கும் வரைக்கும்.

பெயின்ட் இறக்கம் தனி

லூப்ரிகேட்டர் பெயின்ட் பக்கம் வரவே கூடாது. ஆயில் பனி ஒரு தரம் ஹோஸுக்குள் போனால் பிறகு எவ்வளவு ஊதினாலும் முழுக்கப் போகாது. பெயின்ட்டில் மீன் கண் மாதிரி குழி குழியாக விழும். பெயின்ட் ஹோஸை வேறு நிறத்தில் வாங்கி, இம்பாக்ட் கன் ஹோஸோடு மாறிப் போகாமல் வையுங்கள். கப்ளர் சைஸையே வேறாக வைத்தால் மாற்றி மாட்டவே முடியாது, அது இன்னும் நல்லது.

மே மாதப் பகலில் ஷெட்டுக்குள் 38 டிகிரி என்றால், பைப் எவ்வளவு நீளமாக இருந்தாலும் காற்று 38 டிகிரிக்குக் கீழே குளிராது. அந்தச் சூட்டில் தாங்கக்கூடிய ஆவி முழுக்க அதில் இருக்கும். இதற்குச் செபரேட்டர் எதுவும் உதவாது. தொடர்ந்து கார் பெயின்ட் வேலை செய்கிறவர்கள் ரெஃப்ரிஜரேட்டட் டிரையர் போட வேண்டும். அது காற்றை 3 டிகிரி வரை குளிர்வித்துத் தண்ணீரை எடுத்துவிடும். அதன் இடம் என் வடிவ ஏற்றத்துக்குப் பிறகு, ரிங்குக்கு முன்னால். உள்ளே வரும் காற்று சூடாக இருந்தால் டிரையரின் திறன் இறங்கும், ஆகவே 15 சிஎஃப்எம்முக்கு 20 சிஎஃப்எம் டிரையர் எடுங்கள். மூன்று வால்வு வைத்து பைபாஸ் விட்டால், டிரையர் ரிப்பேருக்குப் போன நாளிலும் பட்டறை ஓடும். டிரையருக்குப் பிறகு, பெயின்ட் இறக்கத்தில், ஆயிலைப் பிடிக்கும் கோயலெசிங் ஃபில்டர்.

ஹோஸில் போகும் பிரஷர்

1 இன்ச் லைன் போட்டுவிட்டு கடைசி 30 அடியில் எல்லாவற்றையும் இழக்கிறவர்கள் ஏராளம். 15 சிஎஃப்எம் காற்று 7 கிலோவில் 10 மீட்டர் போனால், 21 மில்லி உள்விட்டமுள்ள முக்கால் இன்ச் பைப்பில் இழப்பு கேஜில் தெரியவே தெரியாது. அதே காற்று 10 மில்லி ஹோஸில் 0.2 கிலோ இழக்கும். 8 மில்லியில் 0.6-க்கு மேல். 6 மில்லியில் இரண்டரை கிலோவுக்கும் மேல். விட்டம் பாதியானால் இழப்பு முப்பது மடங்கு.

கடையில் "8 எம்எம் பியூ டியூப்" என்று கேட்டு வாங்குவதில் 8 என்பது வெளிவிட்டம். உள்ளே 5 மில்லிதான். ஸ்பிரிங் மாதிரி சுருண்ட ஹோஸ்கள் பெரும்பாலும் இந்த ரகம். டயருக்குக் காற்று அடிக்க, தூசி ஊத அது போதும். சாண்டருக்கும் இம்பாக்ட் கன்னுக்கும் 10 மில்லி உள்விட்டமுள்ள ரப்பர் ஹோஸ், அதற்கேற்ற பெரிய துளை கப்ளர். இதைச் செய்யாமல் பிரஷர் சுவிட்சை ஏற்றி வைப்பது கரண்ட் பில்லுக்குக் கேடு: 1 கிலோ கூட்டினால் மோட்டார் சுமார் 7 சதவீதம் கூடுதலாக இழுக்கும்.

ரெகுலேட்டர் செட் செய்யும்போது டிரிக்கரை அழுத்திப் பிடித்தபடி கேஜைப் பாருங்கள். காற்று ஓடாதபோது எல்லா ஹோஸும் நல்ல பிரஷர்தான் காட்டும்.

டெஸ்ட்

முதலில் 2 கிலோ மட்டும் ஏற்றி, எல்லா ஜாயிண்ட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். சரியாக இருந்தால் 5 கிலோ, பிறகு 10. ஏற்றும்போது யாரும் பைப் முனைகளுக்கு நேராக நிற்க வேண்டாம். கசிவு கண்டால் பிரஷரை இறக்கிவிட்டுத்தான் ஸ்பேனர் போட வேண்டும்; காற்று இருக்கும்போது இறுக்குவது பழக்கமாகிவிட்ட கெட்ட வழக்கம்.

பிறகு டேங்க் வால்வை மூடி, எல்லா அவுட்லெட்டையும் மூடி, ஒரு இறக்கத்தின் கேஜைக் கவனியுங்கள். இந்த லைனுக்குள் கொள்ளளவு சுமார் 30 லிட்டர். 1 கிலோ குறைந்தால் 30 லிட்டர் காற்று வெளியே போயிருக்கிறது, அதாவது ஏறக்குறைய 1 கன அடி. ஒரு நிமிடத்தில் அப்படிக் குறைந்தால் கசிவு 1 சிஎஃப்எம். தேடிப் பிடித்தே ஆக வேண்டும். பத்து நிமிடம் ஆனால் விட்டுவிடலாம். 1 மில்லி துளை ஒன்று 7 கிலோவில் இரண்டரை சிஎஃப்எம் வரை குடிக்கும். 3 மில்லி துளைக்கு 5 எச்பி மெஷினின் மொத்தக் காற்றும் போதாது.

ஓடத் தொடங்கிய பிறகு

டேங்க் டிரெயின் தினமும், லைன் டிரெயின்கள் காலையில் வேலை ஆரம்பிக்கும் முன். இரவில் பைப் குளிர்ந்து படிந்த தண்ணீர் அப்போதுதான் மொத்தமாக அடியில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானமும் ஒரு முறை திறங்கள். டைமர் வைத்த ஆட்டோ டிரெயின் போட்டால் அதன் ஸ்டிரெய்னரை மாதம் ஒரு முறை கழுவ வேண்டும். டேங்க் துரு அடைத்துவிட்டால் டைமர் சத்தம் மட்டும் வரும், தண்ணீர் வராது.

ஒரு இறக்கத்தில் மட்டும் தண்ணீர் அதிகம் வருகிறதென்றால் அந்த டீயின் வாயையும் அதற்கு முன்னுள்ள சரிவையும் பாருங்கள். கிளாம்ப் ஒன்று கழன்று பைப் தொங்கியிருக்கும். எல்லா இறக்கத்திலும் திடீரென்று கூடியதென்றால் கம்ப்ரசர் பக்கம் போங்கள்: டேங்க் டிரெயினை யாரோ சில நாளாகத் திறக்கவில்லை, அல்லது ஃபின்களில் (ஹெட்டைக் குளிரவைக்கும் தகடுகள்) தூசி அடைத்து ஹெட் சூடாக ஓடுகிறது. டிரெயினில் வரும் தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக இருந்தால் ஆயில் கலக்கிறது, பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். பழுப்பாக வந்தால் துரு. அது ஜிஐ பைப்பில் இருந்தா, டேங்க்கில் இருந்தா என்று டேங்க் டிரெயினைத் தனியாக ஒரு வெள்ளை டப்பாவில் பிடித்துப் பாருங்கள். டேங்க்கில் இருந்து பொருக்குப் பொருக்காக வந்தால் லைனை விட்டுவிட்டு டேங்க்கின் தகட்டுக் கனத்தைச் சோதிக்க ஆள் கூப்பிட வேண்டும். அதுவரை கம்ப்ரசரை ஓட்ட வேண்டாம்.